ஒடிந்த இடம்

எளாவூர்,
14–6–1955

அன்புள்ள சாலிஹாவுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் சேருமா, உன் வீட்டுக்காரர் கையில் சேருமா, தெரியாது. யார் பிரித்தாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் உங்கள் லாரி எங்கள் ஊர் மதகுக்குப் பக்கத்தில் விறகு வண்டி ஒன்றின் மேல் மோதியது. வண்டி ஓட்டி வந்த அப்பாவு அங்கேயே இறந்துபோனார். வண்டியில் இருந்த அவர் மனைவி கன்னியம்மா இடுப்பெலும்பு முறிந்து மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மாடுகளில் ஒன்றும் பிழைக்கவில்லை. லாரி ஓட்டியவர் என் புருஷன். இதுவரை உனக்குச் சொல்லியிருப்பார்கள்.

சொல்லாததை நான் எழுதுகிறேன். அவர் குடித்துவிட்டு ஓட்டினார், மோதியதும் ஓடிவிட்டார் என்று உன் வீட்டுக்காரர் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மதுவிலக்கு அமலில் இருக்கிற நாளில் இந்த ஒரு வார்த்தை போதும், ஒருவரை உள்ளே தள்ள. அவர் குடிப்பவர் இல்லை என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஓடியது உண்மை. ஜனங்கள் அடித்தார்கள், செக்போஸ்டை நோக்கி ஓடினார். அங்கே இருந்த போலீஸ்காரரிடம் தானே போய் நின்றார். காதோரம் தையல் போட்டிருக்கிறார்கள்.

பொன்னேரியில் காவலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஸ்டேரிங் திடீர்னு லூசா பூட்ச்சி மேரி. நானு சுத்தறேன், வண்டி அது பாட்டுக்குப் போவுது. பிரேக்க மிதிச்சேன். உப்பு லோடு, நிக்குமா?"

முந்தின நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, "ஸ்டேரிங் ஒரு மாதிரி ஆடுது மொதலாளி, பாத்துட்டு எடுக்கலாம்" என்று இவர் சொன்னாராம். "நெல்லூர்ல காத்துகினு இருக்காங்க, இந்த ஒரு நடை போய்ட்டு வா" என்றாராம் உன் வீட்டுக்காரர்.

நீ அன்று வீட்டில்தானே இருந்தாய்? உன் காதில் விழுந்ததா? எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். பழவேற்காடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஐந்து வருஷம் உட்கார்ந்த உரிமையில் கேட்கிறேன்.

ஆரோக்கியமேரி


பழவேற்காடு,
18–6–1955

மேரிக்கு,

கடிதம் என் கைக்குத்தான் வந்தது. படித்த பிறகு அவரிடமும் காட்டினேன். என் வீட்டில் ஒளித்து வைத்துப் படிக்கிற பழக்கம் கிடையாது.

நீ கேட்டதற்கு முதலில் பதில். என் காதில் எதுவும் விழவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் என்னைப் பெற்ற உம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது லாரி முற்றத்தில் நின்றது, உன் வீட்டுக்காரர் சின்னதுரை அதன் கீழே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். பார்த்ததைச் சொல்லிவிட்டேன். கேட்காததைக் கேட்டதாக என்னால் எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் சொல்கிறார், "லோடு ஏத்தினப்போ வண்டி புது வண்டியாட்டம் இருந்துது. இவன் தூங்கி வழிஞ்சிகினு ஓட்டிட்டு இப்போ இரும்பு மேல பழி போடறான்" என்று. பதினாறு வருஷம் அவரோடு குடும்பம் நடத்துகிறேன். கோபக்காரர். வாய் தடித்தவர். ஆனால் ஓர் உயிர் போன விஷயத்தில் பொய் சொல்கிறவர் என்று நீ என்னை நம்பச் சொல்கிறாய். எப்படி நம்புவேன்?

சின்னதுரைக்கு வேலை கொடுங்கள் என்று அவரிடம் மன்றாடியது யார் என்பதை மறந்துவிட்டாய். இப்போது என் வீட்டிலேயே என்னைக் குத்திக் காட்டுகிறார்கள். "நீ சொல்லி வெச்ச ஆளு" என்று.

அந்த அம்மாள் கன்னியம்மாவுக்காக அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன். உனக்காகவும்தான். ஆனால் இனி இந்த விஷயமாக எழுதாதே.

சாலிஹா


எளாவூர்,
25–6–1955

சாலிஹாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. கோபத்தோடாவது கடைசிவரை படி.

செவ்வாய்க்கிழமை மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்தார். துளசிராமன் என்று பெயர். போலீஸ் இல்லை, வண்டியைச் சோதித்து எதனால் விபத்து என்று அறிக்கை கொடுக்கிறவர். முதலில் மதகடிக்குப் போனார். விறகு வண்டிச் சக்கரத் தடம் ரோட்டின் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். லாரி டயர் தேய்த்த கறுப்புக் கோடு தாரில் இன்னும் அழியவில்லை. அதன் மேலேயே நடந்து பார்த்தார். ரோடு இடப்பக்கம் வளைகிறது. கோடு வளையவில்லை, நேராகப் போய் எதிரே வந்த விறகு வண்டி மேல் ஏறியிருக்கிறது. கூட்டத்தோடு நானும் நின்றேன். "தூங்கனவன் பிரேக் போட மாட்டான். இவன் நல்லா முன்னாடியே மிதிச்சிருக்கான்" என்று கூட வந்த போலீஸ் ஏட்டிடம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு செக்போஸ்டுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலுக்குப் போனார்கள். லாரியை அங்கேதான் இழுத்து விட்டிருக்கிறார்கள். அவர் கோணியை விரித்து அடியில் படுத்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முன்சக்கரம் ஒழுங்காகத் திரும்பியது! "ஸ்டேரிங்ல கோளாறு ஒண்ணும் இல்லியே" என்றார் ஏட்டு. அந்த இடத்திலேயே நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் இன்ஸ்பெக்டர் போகவில்லை. ஏட்டைக் கூப்பிட்டு அடியில் பார்க்கச் சொன்னார். வண்டியின் அடி முழுக்கச் சேறும் உப்புத் தண்ணீர்க் கறையும் அப்பிக் கிடக்கிறதாம். ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற கம்பி ஒன்று மட்டும் சுத்தமாக இருக்கிறதாம். அதன் முனையில் மாட்டியிருக்கிற ஆணி புத்தம்புதுசு. "இவ்ளோ சேத்துல இது மட்டும் எப்டிங்க குளிச்சிட்டு வந்துது?" என்று கேட்டார்.

விசாரித்ததில் தெரிந்தது. மோதிய அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர், வண்டி ரிப்பேர் பார்க்கிற பிட்டர் கோபாலையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மழை வந்தால் உப்பு கரைந்துவிடும், மூட்டையை இறக்கிக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறார். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் சரி என்றிருக்கிறார். மூட்டைகள் வேறு வண்டியில் பழவேற்காட்டுக்குத் திரும்பின.

இன்ஸ்பெக்டரிடம் போய் நான் யார் என்பதைச் சொல்லிக் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். "நான் யாருக்கும் ஆள் இல்லைம்மா" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "பழைய கம்பி கெடைச்சா ஒடிஞ்ச இடத்தைப் பாத்து சொல்லிடுவேன். மோதினதுல ஒடிஞ்சதுன்னா ஒடிஞ்ச முகம் முழுக்க சக்கரை மாதிரி பளபளன்னு இருக்கும். முன்னாலயே விரிசல் விட்டுக்கினு இருந்திருந்தா அந்த இடம் மட்டும் கறுத்து, அழுக்கு ஏறி இருக்கும். மீதி மட்டும்தான் பளபளக்கும். ஆனா துரு பிடிக்கிறதுக்கு முன்னால கெடைக்கணும். எல்லாம் துருவாயிட்டா எது பழசு, எது புதுசுன்னு ஆண்டவனாலயும் சொல்ல முடியாது."

மறுநாள் மதராசுக்குப் போய்க் கன்னியம்மாவைப் பார்த்தேன். யாரென்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "உன் புருசன் நல்லா இருக்க மாட்டான். ஆனா குட்ச்சிருந்தான்னு நானு சொல்ல மாட்டேன். எங்க மேல வர்றப்போ அந்தாளு சக்கரத்த இப்பிடியும் அப்பிடியும் சுத்திகினே இருந்தான். வாயத் தொறந்து கத்திகினே சுத்தினான். நானு பாத்தேன்."

சாலிஹா, அவளுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

மேரி


பழவேற்காடு,
30–6–1955

திருமதி ஆரோக்கியமேரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தின் மேல் தாங்கள் சுமத்தும் அபாண்டத்துக்குக் கோர்ட்டில் பதில் சொல்லிக்கொள்வோம். லாரியில் எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. உப்பு மூட்டைகளைப் பாதுகாக்கவே இறக்கினோம். இனிமேல் தாங்கள் எழுதும் கடிதங்கள் பிரிக்கப்படாமல் வக்கீலிடம் ஒப்படைக்கப்படும்.

இப்படிக்கு,
சாலிஹா, அப்துல் வஹாப் மனைவி


பழவேற்காடு,
3–7–1955

மேரி,

முன்னால் வந்த கடிதம் என் கையெழுத்துதான், வார்த்தை என்னுடையது இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். இதை என் நாத்தனார் ஜெய்னம்பு தபாலில் சேர்ப்பாள். பதிலையும் அவள் பேருக்கே போடு. அவருடைய தங்கைதான், ஆனாலும் அவளை நம்பலாம்.

அன்றைக்குக் கடிதத்தை மடித்துக் கொடுத்த பிறகு அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "மாத்தலன்னா, அந்தக் கம்பி ஏன் சுத்தமா இருந்துது?" தட்டில் இருந்த நாஷ்டாவைத் தொடாமல் எழுந்து போனார். கோபம் வந்தால் கத்துகிற மனுஷர் அவர். கத்தாமல் போனதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பின்கட்டில் உப்புக் கொட்டகை இருக்கிறதே, அங்கே அந்த லாரியிலிருந்து இறக்கின மூட்டைகளைத் தனியாக அடுக்கியிருந்தார்கள். மற்றதெல்லாம் விற்றுப் போகிறது, அதை மட்டும் யாரும் தொடுவதில்லை. நேற்று அவர் பொன்னேரிக்கு வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். மூட்டையைக் குத்திப் பார்க்கிற குத்தூசியை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகக் குத்தினேன். சரசரவென்று உப்பு கொட்டிக்கொண்டே வந்தது. எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது. கட்டின புருஷனைத் திருடன் மாதிரி வேவு பார்க்கிறேனே என்று. அடி வரிசையில் ஒரு மூட்டையில் குத்தூசி இறங்கவில்லை. டக்கென்று நின்றது.

மேரி, இரண்டு துண்டு. கனமான கம்பி. உப்பிலேயே கிடந்து வெளியெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. ஒடிந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். நீ எழுதியிருந்தது போலவே இருந்தது. பாதிக்கு மேல் கறுப்பு. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று மட்டும் சக்கரையாகப் பளபளத்தது. அந்தக் கீற்றிலும் ஒரு முனை சிவக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழுக்கச் சிவந்திருக்கும். தெரிந்துதான் உப்பில் போட்டார்களா?

தேங்காயெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, அரிசிக் குடத்துக்குள் வைத்திருக்கிறேன். அந்தக் குடத்தில் என்னைத் தவிர யாரும் கை வைக்கமாட்டார்கள்.

சாயங்காலம் அவர் வந்ததும் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், "ஹனீப் ஓட்டற லாரிக்கு அந்தக் கம்பியெல்லாம் பாத்தீங்களா?" ஹனீப் என் தம்பி, உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரரைப் போலவே இவரிடம்தான் ஓட்டுகிறான். "ஓடறவரைக்கும் ஓடும். பேஜாரு பண்ணாதே" என்றார்.

ராத்திரிச் சோற்றுக்கு அரிசி எடுக்கக் குடத்தில் கை விட்டேன். இரும்பு கையில் பட்டது. நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டு எழுது. செய்கிறேனா என்று இப்போது சொல்ல மாட்டேன். மகளுக்கு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அப்புறம் நிக்காஹ் பேசி வைத்திருந்தோம், அது ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது.

சாலிஹா


எளாவூர்,
6–7–1955

என் சாலிஹாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். அப்புறம்தான் நீ எங்கே நிற்கிறாய் என்பது உறைத்தது.

இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். உன் பேரைச் சொல்லவில்லை. கம்பி கிடைத்தால் நான் கொண்டுவந்து கொடுக்கலாமா என்று கேட்டேன். "நீங்க எடுத்துகினு வந்தா ஒரு செல்லாக்காசுக்கும் ஆகாதும்மா. எந்தப் பழைய இரும்புக் கடையில வாங்கினேன்னு வக்கீல் கேப்பான். அது இருந்த எடத்துலருந்தே நாலு பேர் சாட்சியோட நாங்க எடுக்கணும். அது அங்க எப்டி வந்துதுன்னு அந்த ஊட்டு ஆள் யாராவது கோர்ட்ல வந்து சொல்லணும். இரும்பு தானா வாய் தொறக்காது" என்றார்.

ஆக, கம்பி மட்டும் போதாது. நீ வேண்டும். நீ கோர்ட்டுப் படியேறி, எல்லாரும் பார்க்க, உன் புருஷன் பேரைச் சொல்ல வேண்டும். இதை உன்னிடம் எப்படிக் கேட்பேன்? கேட்கவில்லை. இது என் புருஷனை வெளியே கொண்டுவரும், உன் புருஷனை உள்ளே தள்ளும். ஒரு பக்கம் நான் நிற்கிறேன், அதனால் என் வாயால் எது சொன்னாலும் நியாயமாக இருக்காது.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இவரிடம் சண்டை போட்டேன். "ஆடுதுன்னு தெரிஞ்சும் ஏன் எடுத்தே?" என்று கேட்டேன். ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு, "நானு எடுக்கலன்னா வேற ஆள ஏத்தி அனுப்புவாரு. வேல பூடும். மெதுவா ஓட்டிகினு பூடலாம்னு பாத்தேன்" என்றார். அதனால் என் புருஷன் முழுக்க நிரபராதி என்று நினைத்துக்கொண்டு நீ எதுவும் செய்யாதே. அவர் பங்கு அவருக்கு உண்டு.

மேரி


பழவேற்காடு,
9–7–1955

மேரி,

இன்ஸ்பெக்டரைத் திங்கட்கிழமை காலையில் வரச் சொல். அன்றைக்கு என் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருப்பார். இல்லாத நேரம் பார்த்து எடுத்துக் கொடுக்க மாட்டேன். அவர் கண் முன்னால்தான் கொடுப்பேன்.

ஹனீப் நேற்று நெல்லூர் லோடு எடுத்துக்கொண்டு போனான். அவன் திரும்பி வருகிற வரை நான் ஒருவாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. சின்னதுரை உன்னிடம் சொன்னதைத்தான் இவனும் சொல்கிறான். "நானு இல்லன்னா வேற ஆளு அக்கா" என்று. இப்படியே ஒவ்வொருத்தரும் வண்டியை எடுத்தால், அடுத்த விறகு வண்டி யாருடையது?

இனிமேல் எழுதினால் உம்மா வீட்டு விலாசத்துக்கு எழுது.

சாலிஹா


எளாவூர்,
14–10–1955

சாலிஹாவுக்கு,

நீ சாட்சி சொன்னதும் ஹனீபோடு கிளம்பிவிட்டாய். உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இன்று தீர்ப்பு. ஹனீப் சொல்லியிருப்பான், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

கம்பி ஓடும்போதே ஒடிந்தது, பழைய விரிசல்தான் காரணம் என்று மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். குடித்தது, தூங்கியது, எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் கோளாறு தெரிந்தும் லோடோடு ரோட்டுக்கு எடுத்தது குற்றம்தான் என்றார். இதுவரை காவலில் இருந்த காலமே தண்டனை. லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குக் கிடையாது. வெளியே வந்ததும் இவர், "சரியாத்தான் சொன்னாரு" என்றார். இப்போதைக்கு அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போகிறார்.

உன் வீட்டுக்காரர் மேலும் கோபால் மேலும் தனியாக வழக்கு. நீ கம்பியை எடுத்துக் கொடுத்த அன்றே கோபால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டான்.

அந்தக் காலையைப் பற்றி இன்ஸ்பெக்டர் சொன்னார். நீ முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, குடத்தைக் கூடத்துக்கே தூக்கி வந்து, அரிசியைக் கவிழ்த்தாயாம். உன் வீட்டுக்காரர் பாயிலிருந்து எழவே இல்லையாம்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல், "கட்டின புருஷனைக் காட்டிக் கொடுக்க என்ன வாங்கினாய்?" என்று கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ, "என் தம்பியும் லாரிதான் ஓட்டறான்" என்றாய். அவர் மேலே கேட்கவில்லை.

உன் மகள் விஷயம் என்ன ஆயிற்று? நன்றி என்று எழுதினால் அது போதாது. அதனால் எழுதவில்லை.

மேரி


பழவேற்காடு,
29–10–1955

மேரி,

நிக்காஹ் நின்றுவிட்டது. மகள் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட மட்டும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அது எனக்கு இப்போதைக்குப் போதும்.

நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் உம்மா வீட்டுக்கு வந்தார். ஜாமீனில் வந்த பிறகு இதுதான் முதல் தடவை. இளைத்திருக்கிறார். தாடி வெளுத்திருக்கிறது. வாசலிலேயே நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இரக்கமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷம். ஆனால் வாய் வேறு சொன்னது. "மொதல்ல எளாவூருக்குப் போய் கன்னியம்மாவைப் பாத்துட்டு வாங்க. அப்புறம் இங்க வாங்க."

"போய் இன்னா சொல்லச் சொல்றே?"

"அத நான் சொல்லித் தர மாட்டேன்."

குடையை விரித்துக்கொண்டு மழையில் போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்று எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. வந்தாரா? வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

சாலிஹா


எளாவூர்,
6–11–1955

சாலிஹா,

வந்தார்.

மதகைத் தாண்டி இருக்கிறது கன்னியம்மாவின் குடிசை. என் புருஷன் மில்லுக்குப் போகிற வழியில் தினமும் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போகிறார். அவள் இவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. நேற்று அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அப்போதுதான் உன் வீட்டுக்காரர் வந்தார். என்னைப் பார்த்துத் தயங்கினார், திரும்பிப் போகவில்லை.

கன்னியம்மா கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். யாரென்று அவளுக்கே தெரிந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"ஏன் வந்தே?"

"எங்க ஊட்ல அனுப்பினாங்க."

"அவங்க அனுப்பி வந்தியா, நீயா வந்தியா?"

அவர் குடையை மடக்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கன்னியம்மா உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. நான் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

இதில் பாதியை எழுதி மீதியை விட்டுவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். எதை விட்டாலும் உன்னை ஒரு பக்கமாகத் தள்ளியது போல் ஆகிவிடும். அவர் வந்தது உண்மை. அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாததும் உண்மை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

மேரி